பொத்தான் இல்லாத ஆட்டம்

அன்பு மகள் கட்டெறும்புக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் வலியும் அம்மாவின் கோபமும் அளவோடு இருக்கின்றன. அங்கே நீயும் நன்றாக இருப்பதாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்கிறாய், அதை முழுசாக நம்ப முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குப் பேனாவோடு மல்லுக்கட்டுகிறார் என்று நீ சிரிப்பாய். போனில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா வாங்கிவிடுகிறாள், அவள் பேசி முடித்து என்னிடம் தரும்போது "சரிப்பா, வெக்கட்டுமா" என்று கேட்கிற இடத்துக்கு நீ வந்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். பாதியில் மடித்து வைத்துவிடாதே, முக்கியமானது கடைசியில்தான் வருகிறது, எனக்கு எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும் என்று உனக்குத் தெரியாதா.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அம்மா இன்னும் மருந்துக்கடைக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறாள். போதும், ஓய்வெடு என்று சொன்னால் "உங்களோட நாள் பூரா வீட்ல இருக்கறதுக்கு இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கல" என்கிறாள். கடையில் காலாவதித் தேதி பார்த்துப் பார்த்து அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, பிஸ்கட் பாக்கெட், என் ஷேவிங் கிரீம், பேட்டரி என்று கையில் கிடைத்ததையெல்லாம் திருப்பிப் பார்க்கிறாள், ஒருநாள் என்னையும் திருப்பிப் பார்ப்பாள். அத்தைக்குக் காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிவிட்டோம். முதல் நாள் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்கிறது என்று பூரித்துப்போனாள், மறுநாள் நான் பேச ஆரம்பித்ததும் மெஷினை அணைத்துவிட்டாள். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, கீழ் வீட்டுப் பல் டாக்டர்தான் பிடுங்கினார், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமையலறை மேசை இன்னும் அதேபோல் ஆடிக்கொண்டிருக்கிறது, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் இன்னொரு கால் தூக்கிக்கொள்கிறது. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தின மனுஷனுக்குச் சொந்த மேசையைச் சமமாக நிறுத்தத் தெரியவில்லை என்று உன் அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். புது மேசை வாங்கலாம் என்று நான் சொன்னால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. அந்த மேசையில்தானே நீ செஸ் படித்தாய், காய் நகராமல் இருக்க மூன்று பேரும் முழங்கையை ஊன்றி அழுத்திக்கொண்டு உட்காருவோமே.

இப்போது ஒரு ரகசியத்தை உடைக்கிறேன். நானும் ஆன்லைனில் செஸ் ஆடுகிறேன், ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்துவிட்டேன், நீ ஆடுகிற அதே தளத்தில்தான். கடைசியாக நீ வந்திருந்தபோது சோபாவில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு போனில் ஆடிக்கொண்டிருந்தாய், நான் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன், மேலே உன் பெயர் கட்டெறும்பு என்று இருந்தது. நடக்கப் பழகிய வயதில் சுவரை ஒட்டியே போவாய், வழியில் யார் தூக்கினாலும் கடித்துவைப்பாய், அதற்காக நான் வைத்த பெயர். முகம் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் அதை நீ போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி, மகள் இருக்கிற இடத்தில் நாமும் ஓர் ஓரமாக இருப்போம் என்று சேர்ந்துகொண்டேன். என் பெயர் ஐம்பது கிராம். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நம் பெட்டியில் கறுப்பு யானை ஒன்று தொலைந்துபோனது, கட்டில், பீரோ, அடுப்படி எல்லாவற்றையும் நகர்த்தித் தேடியும் கிடைக்கவில்லை, நீ அழுத அழுகை தாங்காமல் ஆபீஸில் கழித்துப் போட்டிருந்த ஐம்பது கிராம் பித்தளை எடைக்கல் ஒன்றை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிவந்தேன். தேய்ந்துபோய் எடை குறைந்த கல், இனிமேல் எந்தக் கடையிலும் வைக்கக் கூடாது என்று நானே குறுக்கே கோடு போட்ட கல். நம் போர்டில் அதுதான் எல்லாக் காயையும்விடக் கனம், நீ அதை நகர்த்தினால் மேசையே அதிரும். "ஐம்பது கிராம் வருது, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே வைப்பாய், அம்மா தன் ராணியைத் தூக்கி ஒதுங்கிக்கொள்வதுபோல் நடிப்பாள்.

தளத்தில் சேர்ந்த கதையைக் கேள். போன உடனே இதுதான் உன் ரேட்டிங் என்று ஆயிரத்து ஐந்நூறு என்கிற ஒரு எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என் ஆயுசில் கேட்காமலே யாரும் எனக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்ததில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஆட்டம் தோல்வி, நூற்று எழுபதுக்கு மேல் ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்ததும் தோல்வி, அதற்கும் ஒரு பெரிய வெட்டு. அப்புறம் எவனோ ஒருவன் பாதியில் எழுந்து போய்விட்டான், நான் ஜெயித்ததாகச் சொல்லி ஏகப்பட்டதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இது என்ன கூத்து என்று முதலில் புரியவில்லை, பிறகுதான் நம் தொழில் கை கொடுத்தது. தராசில் புதுசாக ஒரு பொருளை வைத்தால் முள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாய்ந்துவிட்டுத்தானே நிற்கும். நான் எவ்வளவு பெறுவேன் என்று அந்தத் தளத்துக்கு இன்னும் தெரியவில்லை, அதனால்தான் கேள்விக்குறி, அதனால்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவ்வளவு பெரிய தாவல். கடைக்காரர்களிடம் நான் ஓயாமல் சொன்னது அதுதானே, "முள்ளு நிக்கட்டும்யா, அப்புறம் விலை சொல்லு". என் முள் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் வந்து நின்றது, கேள்விக்குறியும் போய்விட்டது. அப்புறம் எல்லாம் சின்னச் சின்ன அசைவுதான், எனக்குச் சமமான ஆளை ஜெயித்தால் ஆறு ஏறும், அவனிடம் தோற்றால் ஆறு இறங்கும். என்னைவிடப் பெரிய ஆளை எப்படியோ கவிழ்த்துவிட்டால் ஒன்பது பத்து என்று வரும், என்னைவிடச் சின்ன ஆளிடம் மண்ணைக் கவ்வினால் அதே அளவு போகும்.

இதெல்லாம்கூட ஒப்புக்கொண்டேன், ஒருநாள் வந்த டிராவில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பொடி ஆள், என்னைவிட இருநூறு கம்மி, வெறும் ராஜாக்கள் இரண்டும் மிஞ்சுகிறவரை இழுத்துக்கொண்டு போய் டிரா ஆக்கிவிட்டான். போகட்டும் என்று எண்ணைப் பார்க்கிறேன், மூன்று குறைந்திருக்கிறது! நான் தோற்கவில்லை, என்னிடமிருந்து எதற்கு எடுத்தார்கள்? முந்தின வாரம் ஒரு பெரிய ஆளோடு டிரா செய்து நான்கு ஏறியிருந்தது, அப்போது மட்டும் நான் ஏன் என்று கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அம்மா கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள், இந்தத் தராசு ஏமாற்றுகிறது, இதற்கு முத்திரை குத்தினவன் யார் என்று அவளிடம் கத்தினேன். அவள் நிதானமாகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, "இதுல என்ன அதிசயம், நம்ம பொண்ணு ஒன்பது வயசுல போட்ட பொத்தான் கணக்குதான இது" என்று சொன்னாள். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், அம்மா அடுப்பில் வைத்ததையே மறந்துவிட்டாள்.

உனக்கு அந்தக் கணக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஆட்டம் ஆரம்பிக்கும். ஜெயித்தவருக்கு ஒரு கோடு என்று சிலேட்டில் போட்டுக்கொண்டிருந்தோம், நீதான் ஒருநாள் சண்டைக்கு வந்தாய். அம்மாவை ஜெயிப்பது கஷ்டம், அப்பாவை ஜெயிப்பது சுலபம், இரண்டுக்கும் ஒரே கோடு என்றால் அது நியாயம் இல்லை என்றாய். நான் அவ்வளவு மலிவா என்று கேட்டதற்கு, "மலிவு இல்லப்பா, ஆனா அம்மா கொஞ்சம் விலை ஜாஸ்தி" என்றாய், அதை அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அப்புறம் அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பொத்தான்களைக் கொட்டி மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தாய். இரண்டு பேரிடமும் ஒரே அளவு இருந்தால் தோற்றவர் இரண்டு பொத்தான் தர வேண்டும். நிறைய வைத்திருக்கிறவர் கம்மியாக வைத்திருக்கிறவரை ஜெயித்தால் ஒன்றே ஒன்றுதான், அதில் என்ன பெருமை. கம்மியாக வைத்திருக்கிறவர் ஜெயித்துவிட்டால் மூன்று. டிரா ஆனால் நிறைய வைத்திருக்கிறவர் கம்மியாக வைத்திருக்கிறவருக்கு ஒன்று கொடுத்துவிட வேண்டும். ஏன் என்று நான் கேட்டேன், "அவர்தான ஜெயிச்சிருக்கணும், ஜெயிக்கலையே" என்றாய். அத்தை ஒரு தடவை விடுமுறைக்கு வந்து ஆட்டத்தில் சேர்ந்தபோது, அத்தை எப்படி ஆடுவாள் என்று நமக்குத் தெரியாது, அதனால் முதல் நாலைந்து ஆட்டத்துக்கு மட்டும் அவளுக்கு இரட்டைப் பொத்தான் என்று சட்டம் போட்டாய். அத்தை சாயங்காலத்துக்குள் துடைத்துவிட்டாற்போல் எழுந்து போனாள், இன்றைக்கும் அதைச் சொன்னால் மெஷினை அணைத்துவிடுகிறாள். பெரிய பெரிய கணக்குப் புலிகள் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைத்திருப்பதை என் மகள் ஆடுகிற மேசையின்மேல் சட்டைப் பொத்தானை வைத்துச் செய்துகாட்டினாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மார்பு விம்முகிறது. நீலக் கோட்டுப் பொத்தான் ஒன்று இருந்ததே, பெரிசாக, நான்கு ஓட்டையோடு, அதை ஐந்தாக எண்ண வேண்டும் என்பாய். அது உன்னிடம் இருக்கிற வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கும் பையில் போட்டுக்கொண்டு போவாய்.

நான் ஏன் விடாமல் ஆடினேன் என்பதைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. அந்தத் தளம் ஒருவருக்கு அவருக்குப் பக்கத்து எண் உள்ள ஆளாகப் பார்த்துத்தான் எதிரில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. நீ ஆயிரத்துத் தொள்ளாயிரம், நான் தொள்ளாயிரம். உன் எதிரில் உட்கார வேண்டுமானால் நான் உன் உயரத்துக்கு ஏறி வந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் காலையில் நீ ஆட உட்காரும்போது எதிரில் ஐம்பது கிராம் என்று பெயர் வரும், நீ துள்ளிக் குதிப்பாய், அதைப் பற்றி போனில் பேசினால் அம்மாகூட குறுக்கே வர மாட்டாள், இப்படியெல்லாம் கற்பனை. அதற்காக ஆறு ஆறாக ஏறினேன், இரண்டு படி ஏறினால் ஒன்றரைப் படி சறுக்கினேன், முழங்கால் வலிக்காரன் மாடி ஏறுகிற வேகம்தான். ஆனாலும் ஆயிரத்து நூற்றைத் தாண்டிவிட்டேன், வீட்டில் அன்றைக்கு நானே காபி போட்டு நானே குடித்துக் கொண்டாடினேன். உன் பக்கத்தைத் தினமும் திறந்து பார்ப்பேன், மகள் எவ்வளவு, நான் எவ்வளவு, நடுவில் இன்னும் எவ்வளவு என்று. உன் பெயருக்குக் கீழே இரண்டு வாளைக் குறுக்காகப் போட்ட ஒரு படம் இருந்தது, அதைத் தொட்டால் உன்மேல் ஏதோ புகார் கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று பயந்து விரலை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. உன்னோடு எனக்கு என்ன சண்டை. பல் பிடுங்கப் போன அன்றுதான் குட்டு உடைந்தது. டாக்டரும் அதே தளத்தில் ஆடுகிறவராம், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு வாய்க்குள் பஞ்சை அடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார், உள்ளே போனதுமே நான் அவரிடம் இந்த ஏறுகிற கதையைப் பெருமையாக அளந்திருந்தேன். "ஏன் சார் இவ்ளோ பாடு, பொண்ணு பேருக்குக் கீழ ரெண்டு வாள் இருக்குல்ல, அதைத் தட்டினா ஆட வான்னு கூப்பிடற மாதிரி, எண்ணு எவ்ளோ இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டு இடுக்கியை எடுத்துப் பல்லைப் பிடித்தார். வாய் நிறையப் பஞ்சு, என்னால் ஆ என்றுகூடச் சொல்ல முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, வலிக்கிறதா என்று கேட்டார், தலையை ஆட்டினேன். அந்த வாள் அத்தனை மாதமும் அங்கேயே இருந்திருக்கிறது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். வீங்கின கன்னத்தோடு வீட்டுக்கு வந்து உன் பக்கத்தைத் திறந்தேன், ஆனால் கூப்பிடவில்லை. நமக்கு நடுவில் இருந்த இடைவெளி சில வாரங்களாக மளமளவென்று குறைந்துகொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆகா, கிட்டே வந்துவிட்டோம் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். நான் எறும்பு ஊர்கிறாற்போல் ஏறினதில் அது அவ்வளவு சீக்கிரம் குறைந்திருக்காது, நீ இறங்கினதால்தான் குறைந்தது என்று அன்றுதான் என் மரமண்டையில் ஏறியது. ஆயிரத்து அறுநூறுக்கு வந்துவிட்டாய். ஒவ்வொரு ஆட்டமாகத் திறந்து பார்த்தேன். என்னைப்போல் ஆடத் தெரியாமல் தோற்கவில்லை, உன்னைவிட ரொம்பச் சின்ன ஆட்களிடம், யோசிக்காமல், ஒன்று முடிந்த சூட்டோடு அடுத்தது என்று வரிசையாகத் தோற்றிருக்கிறாய். சின்ன ஆட்களிடம் தோற்றால் அதிகமாகத்தானே போகும், மூன்று பொத்தான் கணக்கு. அப்புறம் நேரத்தைப் பார்த்தேன். நீ போனதிலிருந்து சமையலறையில் அம்மா இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறாள், ஒன்று நம் நேரம், ஒன்று உன் நேரம். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே உன் ஆட்டம் ஒன்று முடிந்தது, நிமிர்ந்து உன் கடிகாரத்தைப் பார்த்தேன், காலை பதினொரு மணி. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமையும் அப்படித்தான், வியாழனும். கட்டிட வரைபடம் போடுகிற ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை என்று சொல்கிற பெண், வேலை நாளில் காலையிலிருந்து மத்தியானம்வரை செஸ் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது, தாங்க மாட்டாள் என்று எனக்குள்ளேயே போட்டு அமுக்கி வைத்தேன். கன்ன வீக்கம் வற்றியும் நான் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து அவளே ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டு என்ன என்று கேட்டாள், சொல்லிவிட்டேன். அவள் தட்டை மறுபடி என் முன்னால் நகர்த்தி வைத்தாள். அப்புறம், "எனக்கும் தெரியும். முன்னெல்லாம் வேலை நாள்லயும் ஆபீஸ்ல இருந்து எனக்குக் கூப்பிடுவா, பின்னாடி லிப்ட் சத்தம், பிரிண்டர் சத்தம், யாராவது சிரிக்கிற சத்தம் எல்லாம் வரும். இப்ப ஒண்ணுமே இல்ல, சுவரோட பேசற மாதிரி இருக்கு. உங்ககிட்ட சொன்னா தாங்க மாட்டீங்கன்னு சொல்லல" என்றாள். ஒரே விஷயத்தை மூன்று பேரும் மூன்று பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனால் நல்லா இருக்கேன், நல்லா இருக்கோம் என்று பேசியிருக்கிறோம், இந்த வீட்டு ஆட்களுக்கு நன்றாகத்தான் நடிக்க வருகிறது.

ஆகவே கண்ணு, நேராகவே கேட்டுவிடுகிறேன். உனக்கு இப்போது வேலை இல்லை, அப்படித்தானே? நீ விட்டாயா, அவர்கள் எடுத்துவிட்டார்களா, அது எனக்கு வேண்டாம், எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். போன வருஷம், "எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் ரேட்டிங் போடுவாங்கப்பா, இந்தத் தடவை எனக்குக் குறைஞ்சிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு உறுத்துகிறது. அங்கே ஒரு எண் இறங்கினது, அதை ஈடுகட்ட இங்கே ஒரு எண்ணை ஏற்றலாம் என்று காலையிலிருந்து உட்கார்ந்து ஆடுகிறாய், மனசு அதில் இல்லாததால் இதுவும் இறங்குகிறது, இறங்க இறங்க இன்னும் ஆடுகிறாய் என்று நான் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திட்டு. நான் தராசோடு வாழ்ந்தவன், எண் பொய் என்று சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் அந்தத் தட்டில் இருந்ததைத்தான் முள் காட்டும். தூக்கம் கெட்ட ஒரு பெண், தனியாக, பயந்துபோய், ஒரு சத்தமும் இல்லாத அறையில் உட்கார்ந்து ஆடினால் எவ்வளவு வருமோ அவ்வளவு வந்திருக்கிறது. அந்தப் பெண்ணை நினைத்துத்தான் எனக்குத் துக்கம், எண்ணை நினைத்து இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எல்லாப் பொத்தானையும் இழந்துவிட்டாய், நீலப் பொத்தான் உட்பட. யாரோடும் பேசாமல் போய் பீரோவுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் போய்க் கூப்பிட்டேன், என்னுடையதில் பாதி தருகிறேன் என்றேன், "சும்மா குடுத்தா அது பொத்தானே இல்ல" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஆடலாம் வா என்றால், "வெக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல, நான் எப்படி ஆடறது" என்று அழுகை. அம்மா கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள், கதவைத் திறக்கவில்லை, அதில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள், "இந்த வீட்ல பொத்தான் இல்லாதவங்களும் ஆடலாம். அந்த ஆட்டத்துல யாரும் குடுக்க வேண்டாம், யாரும் எடுக்க வேண்டாம்". ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது, தலைமுடியெல்லாம் துணிநூலோடு வெளியே வந்தாய். மூன்று பேரும் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து ஆடினோம், ஐம்பது கிராம் மேசையை அதிரவைத்தது, அம்மா ஒதுங்கிக்கொண்டாள், நீ சிரித்தாய். அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று நேற்றுக்கூட நானும் அம்மாவும் யோசித்துப் பார்த்தோம், இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

இந்தத் தளத்துக்காரர்களிடமும் அந்த ஆட்டம் இருக்கிறதம்மா. வாளைத் தட்டினால் ரேட்டிங் மாறும் ஆட்டமா, மாறாத ஆட்டமா என்று கேட்கிறது. மாறாததை எடுத்தால் யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் டிரா ஆனாலும் இரண்டு பேர் எண்ணும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத்தான் எடுத்திருக்கிறேன், அம்மா பக்கத்தில் நின்று மருந்துச் சீட்டைப் படிக்கிறாற்போல் இரண்டு தடவை சரிபார்த்தாள். கடிகாரம் வைக்கவில்லை, ஒரு காயை நகர்த்த ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் கேட்பார் இல்லை. வெள்ளைக் காய் உனக்கு. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும் என்று தபால்காரர் சொன்ன நாளிலிருந்து அழைப்பு வரும், ஐம்பது கிராம் என்று யாரோ கூப்பிடுகிறார்களே என்று தள்ளிவிடாதே. நீ எடுக்காவிட்டால் கொஞ்ச நாளில் அழைப்பு காலாவதியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆகட்டும், மறுபடி அனுப்புவேன், அதுவும் ஆனால் மறுபடி. உன் அறை அப்படியேதான் இருக்கிறது, வந்து இருக்கத் தோன்றினால் டிக்கெட்டை மட்டும் போடு, காரணம் ஒன்றும் தயார் செய்துகொண்டு வர வேண்டாம். அங்கேயே இருந்து பார்க்கிறேன் என்றாலும் சரி, ஆனால் மூடின கதவுக்குள் உட்கார்ந்து பார்க்காதே.

நீ நோய் நொடி இல்லாமல், பயம் இல்லாமல், சிரித்த முகத்தோடு நெடுங்காலம் இருக்க எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. காலையில் போனைத் தொடுவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிடு. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, ஈரத்தோடு படுக்காதே. ஜன்னலைத் திறந்து வை. அத்தை உன்னிடம் சொல்லச் சொன்னாள், நீ போன் செய்தால் மட்டும் மெஷினை அணைக்க மாட்டாளாம். அந்தப் பித்தளைக் கல்லை அம்மா புளி போட்டுத் தேய்த்து மேசையின்மேல் எடுத்து வைத்திருக்கிறாள், கடையில் வைக்கக் கூடாது என்று நான் போட்ட கோடு அதன்மேல் இன்னும் இருக்கிறது, வீட்டில் அதைவிடக் கனமான காய் இதுவரை வரவில்லை.

முதல் காயை நீ நகர்த்துவதற்காகக் காத்திருக்கும்,
உன் அப்பா,
ஐம்பது கிராம்.